மாணவரின் மணிநேரம், பள்ளியின் கையெழுத்து

இந்தியாவில் வணிக விமானி உரிமம் வாங்க 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். சி.பி.எல். என்று துறையில் எல்லோரும் சொல்லும் இந்த உரிமம் இல்லாமல் எந்த விமான நிறுவனத்தின் வாசலையும் மிதிக்க முடியாது. 200 என்பது மொத்தக் கணக்கு. அதற்குள் 100 மணியாவது தானே பொறுப்பு விமானியாக ஓட்டியிருக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் போகும் கிராஸ்-கன்ட்ரி பறப்பு 20 மணி வேண்டும். அவற்றில் ஒன்று 300 கடல்மைல் தூரம் போய், வழியில் இரண்டு வேறு விமானத்தளங்களில் இறங்கி நின்று கிளம்பியதாக இருக்க வேண்டும். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி 10 மணி. இரவுப் பறப்பு 5 மணி, அதில் பத்து முறையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும். இத்தனையும் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்தாண்டுக்குள் நடந்திருக்க வேண்டும்.

இவை நடந்தன என்பதற்குச் சாட்சி லாக்புக். மாணவர் தன் கையால் மையில் எழுதுகிறார். உடன் பறந்த இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்திடுகிறார். சி.எஃப்.ஐ. என்னும் தலைமைப் பயிற்றுநர் சான்றளிக்கிறார். உரிமம் கொடுக்கும் டிஜிசிஏ, அதாவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், ஓடுபாதை ஓரத்தில் ஆள் நிறுத்தி மணிநேரத்தை எண்ணுவதில்லை. பள்ளியின் சொல்லை நம்புகிறது. சந்தேகம் வந்தால் பிறகு தோண்டிப் பார்க்கிறது.

ஆக, ஒரு மாணவரின் தொழில்வாழ்க்கைக்கு ஆதாரமான ஆவணம் அவர் பெயரில் இருந்தாலும் அதற்கு உயிர் கொடுக்கும் கையெழுத்து இன்னொருவருடையது. பள்ளி விதியை மீறி நடந்து பிடிபட்டால் அபராதமோ இடைநீக்கமோ பள்ளியின் மேல் விழும். அந்தப் பள்ளியில் ஒழுங்காகப் பறந்த மாணவரின் 120 மணிநேரத்துக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. இந்தியாவில் விமானப் பயிற்சிப் பள்ளிகளைப் பற்றிய கடந்த பதினைந்து ஆண்டுச் செய்திகளைத் தொடர்ந்து வாசித்தால் இந்த மௌனம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. கண்காணிப்பு கூடியிருக்கிறது, தணிக்கைகள் நடக்கின்றன, தரவரிசைகூட வந்துவிட்டது. மாணவருக்கான பாதுகாப்பு மட்டும் இன்னும் எழுத்தில் வரவில்லை.

பேனாவில் பறந்த மணிகள்

விதிமீறல்களில் பழையதும் கெட்டதும் பறக்காத மணிநேரத்தை எழுதுவது. உலகம் முழுக்க விமானிகள் இதை ‘பார்க்கர் பேனா மணி’ என்பார்கள். நம் பள்ளிகளிலும் அந்தப் பேச்சு உண்டு.

இது ஏன் நடக்கிறது என்று பார்த்தால் பேராசை மட்டும் காரணமாகத் தெரியவில்லை. பயிற்சி விமானம் ஒன்றை ஒரு மணிநேரம் பறக்கவிட ஆகும் செலவு அதிகம். சிறு பிஸ்டன் எஞ்சினுக்கு வேண்டிய அவ்காஸ் எரிபொருள் விலை கூடியது. உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதுவரை விமானம் கொட்டகையில் நிற்கும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் பறக்க முடியாது, வட இந்தியாவில் குளிர்காலத்தில் மூடுபனி. பள்ளியோ கட்டணத்தை முன்னதாகவே வாங்கிவிட்டது. மாணவர் எண்ணிக்கை விமான எண்ணிக்கையை மீறிவிட்டது. எட்டு மாதத்தில் முடியும் என்று சொல்லிச் சேர்த்த பிள்ளை இரண்டாவது ஆண்டிலும் விடுதியில் முறை காத்துக் கிடக்கிறான். அந்த நிலையில் 40 நிமிடப் பறப்பை ஒரு மணி என்று எழுதச் சொல்வது இரு தரப்புக்கும் வசதியாக இருக்கிறது. அது ஒருமுறை பழகிவிட்டால் அடுத்த படிகள் எளிது: இன்ஸ்ட்ரக்டர் ஓட்டியதை மாணவர் தனியாகப் பறந்த சோலோ என்று எழுதுவது, ஒரே பறப்பை இரண்டு மாணவர் கணக்கில் ஏற்றுவது, கடைசியில் விமானம் கிளம்பாத நாளிலும் எழுதுவது.

பிடிப்பது கடினமில்லை, பார்க்க நினைத்தால். விமானத்துக்குத் தனியாக டெக் லாக் இருக்கிறது. எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர் இருக்கிறது. எரிபொருள் நிரப்பிய ரசீது இருக்கிறது. ஒவ்வொரு பறப்புக்கும் அனுமதி எழுதும் ஆதரைசேஷன் புத்தகம் இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள விமானநிலையம் என்றால் அங்கும் பதிவு இருக்கும். இந்த ஐந்தும் லாக்புக்கோடு ஒத்துப்போக வேண்டும். பொய் எழுதியவர் ஐந்தையும் பொருத்தி எழுதுவது அரிது. ஆனால் நம் பள்ளிகள் பல கோபுரம் இல்லாத சிறு ஓடுதளங்களில் இயங்குகின்றன. அங்கே வெளியாள் வைத்திருக்கும் பதிவு என்று எதுவும் இல்லை. மற்ற நான்கும் பள்ளியின் அலமாரியிலேயே இருப்பவை.

2011 இதை நாட்டுக்குக் காட்டிய ஆண்டு. கோவாவில் மூக்குச் சக்கரம் முதலில் தரையில் மோதும்படி விமானத்தை இறக்கிய ஒரு கேப்டனின் ஆவணங்களை ஆராயப் போய், உயர்நிலை உரிமத்துக்கான மதிப்பெண் பட்டியல் போலி என்று தெரிந்தது. அவர் கைதானார். தொடர்ந்து உரிமங்களைத் துருவியபோது இன்னும் சிலர் சிக்கினார்கள். டிஜிசிஏ ஊழியரும் கைதானார்கள். அதே காலத்தில் ராஜஸ்தான் லஞ்ச ஒழிப்புத் துறை ஜெய்ப்பூரில் ஒரு பறப்புப் பள்ளியைப் பிடித்தது. பறக்காத மணிநேரத்தைப் பறந்ததாகச் சான்றளித்தார்கள் என்பது வழக்கு. நாட்டில் அப்போது இருந்த சுமார் 40 பள்ளிகளையும் தணிக்கை செய்ய உத்தரவு வந்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2015-ல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஓர் இளைஞரின் கதையை வெளியிட்டது. 360 மணிநேரம் பறந்ததாக அவரிடம் சான்றிதழ் இருந்தது. உண்மையில் அவர் விமானத்தில் உட்கார்ந்தது 35 நிமிடம். இடைப்பட்ட 2014 ஜனவரியில் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. இந்தியாவின் விமானப் பாதுகாப்புத் தரத்தை இரண்டாம் நிலைக்கு இறக்கியிருந்தது. முழுநேர ஆய்வாளர்கள் போதிய அளவில் இல்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது. 2015 ஏப்ரலில் பழைய நிலை திரும்பியது. பெரிய விமான நிறுவனங்களைக் கவனிக்கவே ஆள் போதாத இயக்குநரகம், மாவட்டத் தலைநகர் ஓடுதளத்தில் நான்கு செஸ்னா சிறுவிமானங்களோடு இயங்கும் பள்ளியை எவ்வளவு கவனித்திருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

மையோடு சேராத மீறல்கள்

போலி மணிநேரம் பத்திரிகைக்குப் பிடித்த செய்தி. அன்றாடம் நடப்பவை வேறு வகை, சத்தமில்லாதவை. 2022 மார்ச்சிலிருந்து டிஜிசிஏ நாடு முழுதும் பள்ளிகளைத் தணிக்கை செய்தபோது கிடைத்தவற்றைப் பாருங்கள்: வெடித்துப் போன ஓடுபாதைத் தளம், கிழிந்து தொங்கிய விண்ட்சாக், பறப்புக்கு முன் நடக்க வேண்டிய, மது அருந்தியிருக்கிறாரா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனையை ஒழுங்காக நடத்தாமை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று மாணவர் பார்ப்பது அந்தத் துணியைத்தான். முதல் சோலோ போகும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது கிழிந்திருப்பது சிறு விஷயமில்லை.

பராமரிப்பில் நடப்பது இன்னும் ஆழமானது. பயிற்சி விமானத்துக்கு 50 மணி, 100 மணி என்று ஆய்வுகள் உண்டு. ஒவ்வொரு ஆய்வுக்கும் விமானம் நிற்க வேண்டும். நின்றால் வருமானம் நிற்கும். பறந்துவிட்டு வந்த மாணவர் ஏதாவது கோளாறைக் கவனித்தால் டெக் லாக்கில் ‘ஸ்நாக்’ என்று எழுத வேண்டும். எழுதிவிட்டால் பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்திடும்வரை அந்த விமானத்தைத் தொடக்கூடாது. எழுதாமல் வாயால் சொல்லிவிட்டுப் போ என்று சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் மாணவர் கற்றுக்கொள்வது விமானம் ஓட்டுவதை மட்டும் அல்ல. பின்னாளில் 180 பயணிகளோடு பறக்கும்போது ஒரு கோளாறை எழுதுவதா வேண்டாமா என்று அவர் தீர்மானிக்கும் பழக்கம் அங்கேதான் உருவாகிறது. என்னைக் கேட்டால் போலி மணிநேரத்துக்கு அடுத்தபடியாக மிக மோசமான மீறல் இதுதான். இதற்குத் தடயம் இருக்காது. எழுதப்படாத குறையை எந்தத் தணிக்கையாளரும் படிக்க முடியாது.

இன்ஸ்ட்ரக்டர் பற்றாக்குறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விமான நிறுவனங்கள் ஆள் எடுக்கும் காலத்தில் அனுபவமுள்ள பயிற்றுநர்கள் அங்கே போய்விடுகிறார்கள். மிஞ்சுவது உதவிப் பயிற்றுநர் நிலையில் இருக்கும் இளைஞர்கள். அவர்களும் மணிநேரம் சேர்க்கத்தான் வந்தவர்கள். மேற்பார்வை இல்லாமல் அவர்களை வைத்துப் பள்ளியை ஓட்டுவது விதிமீறல். மேற்பார்வை நடந்ததாகக் கையெழுத்துப் போடுவது எளிது.

விபத்துகளை இங்கே கவனமாகத்தான் கொண்டுவர வேண்டும். 2023 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் ரேவா அருகே ஒரு பயிற்சி விமானம் கோயில் கோபுரத்தில் மோதிப் பயிற்றுநர் இறந்தார், மாணவர் காயத்தோடு தப்பினார். 2024 ஆகஸ்டில் ஜாம்ஷெட்பூரிலிருந்து கிளம்பிய செஸ்னா 152 சாண்டில் நீர்த்தேக்கத்தில் விழுந்தது. மாணவரும் பயிற்றுநரும் இறந்தார்கள், விமானத்தைத் தண்ணீருக்கு அடியிலிருந்து கடற்படையினர் கண்டெடுத்தார்கள். 2025 ஏப்ரலில் குஜராத்தின் அம்ரேலியில் தனியாகப் பறந்த மாணவர் குடியிருப்புப் பகுதியில் விழுந்து இறந்தார். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. பறக்கக் கற்பதில் ஆபத்து இருக்கவே செய்யும். எல்லா விபத்தையும் பள்ளியின் குற்றம் என்று எழுதுவது அநியாயம். ஆனால் விதிகள் என்று நாம் சொல்பவை பெரும்பாலும் இப்படிப்பட்ட ஏதோ ஒரு சாவுக்குப் பிறகு எழுதப்பட்டவை. அவற்றை மீறும் பள்ளி, இறந்தவர்களிடமிருந்து கற்ற பாடத்தை அடுத்த மாணவருக்கு மறுக்கிறது.

பள்ளி மூடியதும்

2023 அக்டோபரில் மகாராஷ்டிராவின் பாராமதியில் ரெட்பேர்ட் பயிற்சிப் பள்ளியின் இரண்டு விமானங்கள் சில நாள் இடைவெளியில் விபத்துக்குள்ளாயின. அதற்கு முந்தைய மாதங்களிலும் அந்தப் பள்ளியின் விமானங்களுக்கு விபத்துகள் நேர்ந்திருந்தன. டிஜிசிஏ அதன் எல்லாத் தளங்களிலும் பறப்பை நிறுத்தியது: பாராமதி, பெலகாவி, கலபுரகி, அசாமில் லீலாபாரி, மத்தியப் பிரதேசத்தில் சியோனி. பராமரிப்பைத் தணிக்கை செய்யாமல் பறக்கவிட மாட்டோம் என்ற அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. சொல்லப்போனால் தாமதமாக வந்தது என்றுதான் சொல்லலாம். பின்னர் படிப்படியாகப் பறப்பு மீண்டது.

அந்த இடைவெளியில் ஒரு மாணவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். இந்தியாவில் சி.பி.எல். வரை படிக்கச் சுமார் அரைக் கோடி ரூபாய் ஆகிறது, பல இடங்களில் அதற்கும் மேல். வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். வட்டி பள்ளியின் இடைநீக்கத்துக்காக நிற்காது. முதல்வகுப்பு மருத்துவச் சான்றிதழ் இந்த வயதில் 12 மாதம்தான் செல்லும். மறுபடி பரிசோதனை, மறுபடி பயணம், மறுபடி செலவு. திறன் தேர்வுகள் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும். கடைசித் தேர்வுக்கு முன்னால் பறப்பு நின்றால் முன்பு தேறியவை காலாவதியாகும், மீண்டும் விமானம், மீண்டும் எரிபொருள், மீண்டும் கட்டணம். ஐந்தாண்டுக் கணக்கு பின்னாலிருந்து விரட்டும். இதற்கெல்லாம் மேலே ஒன்று: பறக்காமல் இருந்தால் கை மறந்துவிடும். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வருபவர் நின்ற இடத்திலிருந்து தொடர முடியாது, சில மணிநேரம் பழையதை மீட்கவே போகும். அதற்கும் காசு அவர்தான் கட்ட வேண்டும்.

வேறு பள்ளிக்கு மாறலாமே என்பார்கள். மாறுவதற்குப் பழைய பள்ளி பதிவுகளைச் சான்றளித்துக் கொடுக்க வேண்டும். இடைநீக்கத்தில் இருக்கும் பள்ளியின் தலைமைப் பயிற்றுநர் அப்போது எங்கே இருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. கட்டிய பணத்தில் மீதி திரும்ப வருமா என்பது அடுத்த கேள்வி. புதிய பள்ளியும் எச்சரிக்கையாக இருக்கும்: விசாரணைக்குள்ளான ஒரு பள்ளியின் மணிநேரத்தை அப்படியே ஏற்றுத் தன் சான்றைப் பதிக்க யாரும் விரும்புவதில்லை. நேர்மையாகப் பறந்தவரின் லாக்புக்கும் போலியாக எழுதியவரின் லாக்புக்கும் ஒரே முத்திரையோடு இருக்கின்றன. சந்தேகம் இரண்டின் மேலும் சமமாக விழுகிறது.

சட்டத்தின் பக்கம் போனால் நிலைமை இன்னும் கடினம். 1937-ம் ஆண்டின் விமான விதிகள்படி பொய்த் தகவல் கொடுத்து உரிமம் பெற்றவரின் உரிமத்தை இடைநீக்கலாம், ரத்து செய்யலாம். போலி ஆவணம் என்றால் குற்ற வழக்கும் உண்டு. இது சரிதான். காசு கொடுத்து மணிநேரம் வாங்கியவர் விமானி அறையில் உட்காரக் கூடாது. அவருக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் சி.எஃப்.ஐ. சொன்னபடி எழுது, இல்லாவிட்டால் உன் முறை அடுத்த மாதம்தான் என்று நெருக்கப்பட்ட பத்தொன்பது வயதுப் பிள்ளையும் அதே விதியின்கீழ் அதே குற்றவாளி. எழுதியது அவன் கை. அவனைத் திறன் தேர்வுக்குப் பரிந்துரைக்க வேண்டியவரும், அவன் புகார் சொன்னால் முதலில் விசாரிக்கப்பட வேண்டியவரும் ஒரே மனிதர். இந்த நிலையில் புகார் வரவில்லை என்று ஆச்சரியப்படுவதில் பொருள் இல்லை.

கட்டிய கட்டணத்துக்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? அங்கும் கதவு பாதி மூடியிருக்கிறது. 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் பெரிய அமர்வு ஒரு தீர்ப்பு தந்தது. வழக்கின் எதிர்த்தரப்பு நம் சேலத்து விநாயகா மிஷன் பல்கலைக்கழகம். கல்வி நிறுவனங்கள், தொழிற்பயிற்சி தருபவை உட்பட, நுகர்வோர் சட்டத்தின் வரம்புக்குள் வராது என்றது ஆணையம். தனிப்பயிற்சி மையங்களை மட்டும் உள்ளே வைத்தது. விமானப் பள்ளி எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு வழக்கிலும் வாதாட வேண்டியிருக்கிறது. உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே தீர்ப்பு வரும்போது மாணவருக்கு எத்தனை வயதாகியிருக்கும் என்பதுதான் கேள்வி.

வெளிநாடு போனால்

இங்கே இவ்வளவு சிக்கல் என்றால் அமெரிக்காவுக்கோ வேறெங்கோ போய்ப் படிக்கலாம் என்று நம் பெற்றோர் நினைப்பது இயல்பு. வானிலை நன்றாக இருக்கும், விமானங்கள் அதிகம், ஓராண்டுக்குள் முடியும். பெரும்பாலும் உண்மை. ஆனால் அங்கும் பள்ளி சறுக்கினால் மாணவர் விழுகிறார், அதுவும் அந்நிய மண்ணில்.

அமெரிக்காவில் தொழிற்பயிற்சி மாணவருக்கான எம்-1 விசாவில் போனவர் முதல் ஆறு மாதத்துக்குப் பிறகு வேறு பள்ளிக்கு மாற முடியாது. தன் கட்டுப்பாட்டுக்கு மீறிய காரணம் என்று நிரூபித்தால் மட்டும் விலக்கு உண்டு. பள்ளியின் அனுமதி போனால் அவர் பறப்பு மட்டும் நிற்காது, அந்த நாட்டில் தங்கும் உரிமையும் ஆட்டம் காணும். முன்பணம் வாங்கும் பள்ளி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நெவாடாவின் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் பாடம். 2008 பிப்ரவரியில் அது திவாலானபோது 2,500-க்கும் மேற்பட்ட மாணவர்கள் கடனோடு நடுவழியில் நின்றார்கள். ஸ்காட்லாந்தின் டண்டீயில் பல ஆண்டு இயங்கிய டேசைட் ஏவியேஷன் 2023 ஏப்ரலில் மூடியபோதும் அதே கதை. இவை விதிமீறல் வழக்குகள் இல்லை. பள்ளி எந்தக் காரணத்தால் நின்றாலும் முன்பணம் கட்டியவர் கதி ஒன்றுதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் அமெரிக்க விதிகளில் நாம் படிக்க வேண்டிய இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒன்று, அங்கீகாரம் பெற்ற பள்ளி மாணவரின் பயிற்சிப் பதிவைப் பாதுகாக்க வேண்டும், மாணவர் கேட்டால் நகல் கொடுக்க வேண்டும். இரண்டு, ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவரின் பழைய பயிற்சியில் எவ்வளவு ஏற்கலாம் என்பது விதியிலேயே இருக்கிறது: அங்கீகாரம் பெற்ற பள்ளியிலிருந்து வந்தால் பாடத்திட்டத்தில் பாதி வரை, மற்ற பயிற்சியிலிருந்து வந்தால் கால்பங்கு வரை, புதிய பள்ளி சோதித்துப் பார்த்தபின். குறைவாகத் தோன்றலாம். ஆனால் மாணவருக்குத் தன் நிலை என்ன என்று முன்பே தெரியும். பள்ளி தன் அங்கீகாரத்தைத் தக்கவைக்க அதன் மாணவர்களில் 80 சதவீதத்தினர் முதல் முயற்சியிலேயே தேற வேண்டும் என்பதும் அங்கே விதி. பொய் எழுதியவருக்குக் கருணை கிடையாது: லாக்புக்கில் பொய் இருந்தால் கையிலுள்ள எல்லா உரிமத்தையும் பறிக்கலாம், பறித்தபின் ஓராண்டுக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

பாகிஸ்தானில் நடந்தது வேறொரு எச்சரிக்கை. 2020 மே மாதம் கராச்சியில் விமானம் விழுந்து 97 பேர் இறந்தபின், நாட்டின் 860 விமானிகளில் 262 பேரின் உரிமம் சந்தேகத்துக்குரியது என்று அமைச்சர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அங்கே சிக்கல் பள்ளியில் இல்லை, தேர்வு முறையில். சில நாளில் ஐரோப்பா பாகிஸ்தான் சர்வதேச விமான நிறுவனத்துக்குத் தடை போட்டது. 2024 நவம்பரில்தான் நீங்கியது. பிற நாடுகளில் வேலை பார்த்த பாகிஸ்தான் விமானிகள் பலர் தங்கள் உரிமம் உண்மையானது என்று நிரூபிக்கும்வரை தரையில் உட்கார வேண்டியதாயிற்று. ஒரு நாட்டின் சான்று நம்பகம் இழந்தால் ஒழுங்காகப் படித்தவரும் சேர்ந்து விலை கொடுக்கிறார்.

கண்காணிப்பவர் பொறுப்பு

2023 நவம்பரில் டிஜிசிஏ-வில் பறப்புப் பயிற்சிப் பிரிவை முன்பு கவனித்த மூத்த அதிகாரி ஒருவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். பயிற்சிப் பள்ளியிடமிருந்து விமானங்களையே லஞ்சமாகப் பெற்றார் என்பது குற்றச்சாட்டு. விவகாரம் மத்தியப் புலனாய்வு அமைப்பு வரை போனது. தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. ஆனால் இத்தகைய புகார் எழ முடிகிறது என்பதே, பள்ளிக்கும் கண்காணிப்பாளருக்கும் நடுவே மாணவர் எவ்வளவு கண்ணுக்குத் தெரியாதவராக இருக்கிறார் என்பதைச் சொல்கிறது.

நல்ல மாற்றங்களும் நடந்திருக்கின்றன, அவற்றைச் சொல்லாமல் விடக் கூடாது. 2021 நவம்பரில் தொடங்கிய இ-ஜிசிஏ தளத்தில் மின்னணு லாக்புக் வந்தது. மாணவர் எழுதிய மணிநேரம் பள்ளியின் அலமாரியை விட்டு வெளியே ஓர் இடத்தில் பதிவாகிறது. 2025 அக்டோபரிலிருந்து பள்ளிகளுக்குத் தரவரிசை நடைமுறைக்கு வந்தது. முதல் பட்டியலில் மிக உயர்ந்த இரண்டு வகைகளில் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை. இதை வெளிப்படையாக அறிவித்ததற்காக இயக்குநரகத்தைப் பாராட்டலாம். சேரப்போகும் பிள்ளைக்கு முன்பு விளம்பரம் மட்டும்தான் இருந்தது, இப்போது ஒப்பிட ஏதோ ஒன்று இருக்கிறது. ஆனால் பட்டியல் சேர்வதற்கு முன் உதவும். சேர்ந்தபின் பள்ளியின் தரம் இறங்கினால் உள்ளே இருப்பவருக்கு அது என்ன செய்யும்?

நெருக்கடி குறையப் போவதில்லை. 2022-ல் இந்தியா 1,165 வணிக விமானி உரிமங்கள் வழங்கியது, 2023-ல் 1,622. அதே 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. இத்தனைக்கும் விமானி வேண்டும் என்பதால் புதிய பள்ளிகளுக்கு விமானநிலைய ஆணையம் இடம் ஒதுக்குகிறது. 2022-ல் ஒதுக்கிய ஐந்து விமானநிலையங்களில் சேலமும் ஒன்று. 1930-லிருந்து மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பை அறிந்த தமிழ்நாட்டுக்குப் பறப்புப் பயிற்சி புதிதல்ல. ஆனால் கிளப்பில் ஆர்வத்துக்குப் பறந்த தலைமுறைக்கும், வீட்டை அடகு வைத்துத் தொழிலுக்காகப் பறக்கும் இந்தத் தலைமுறைக்கும் இடையே நிறைய மாறியிருக்கிறது. ஓமலூர்ப் பக்கம் வானத்தில் சுற்றும் சிறு விமானத்தைப் பார்த்து நம் ஊர்ப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். ஆசைப்படட்டும். அதற்கேற்ற ஏற்பாடுகள் வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய புரட்சிகள் அல்ல. கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டி வாங்குவதை நிறுத்தி, பறந்த மணிநேரத்துக்கு ஏற்ப விடுவிக்கும் காப்புக் கணக்கு முறையைப் பள்ளி அனுமதியின் நிபந்தனையாக்கலாம். பணம் தீர்ந்துபோன பள்ளிதான் ஆய்வைத் தள்ளிப்போடும், பேனாவால் மணிநேரம் எழுதும்; முன்பணத்தை அதன் கைக்கு எட்டாமல் வைத்தால் பாதி ஆசை அங்கேயே அடங்கும். எஞ்சின் மீட்டர் கணக்கும் எரிபொருள் கணக்கும் மின்னணு லாக்புக்கோடு தானாகவே ஒப்பிடப்பட வேண்டும். இன்று இருக்கும் தொழில்நுட்பத்துக்கு இது கடினமே இல்லை. மாணவர் புகாரைப் பள்ளி வழியாகச் செல்லாமல் நேராகப் பெறும் வழி வேண்டும். நெருக்கடிக்கு ஆளாகிப் பொய் எழுதிய மாணவர் தானே முன்வந்து சொன்னால் அந்த மணிநேரத்தை மட்டும் நீக்கிவிட்டு அவரைப் பறக்கவிடும் ஓர் ஏற்பாடும் வேண்டும். உண்மை சொல்பவருக்கு முழுத் தண்டனை என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சேரப்போகும் மாணவருக்கும் பெற்றோருக்கும் சொல்ல வேண்டியது குறைவு. பள்ளிக்குப் போய் எத்தனை விமானம் உண்மையில் பறக்கும் நிலையில் இருக்கிறது என்று கொட்டகையில் நின்று எண்ணுங்கள். விளம்பரத் தாளில் எண்ணாதீர்கள். இப்போது படிக்கும் மாணவரிடம் சென்ற மாதம் எத்தனை மணி பறந்தாய் என்று கேளுங்கள். ஒவ்வொரு பறப்பின் பக்கத்தையும், ஆதரைசேஷன் புத்தகத்தில் உங்கள் பெயர் உள்ள வரியையும், கட்டிய ஒவ்வொரு ரசீதையும் நகலெடுத்து உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மூடிய அன்று அந்த நகல்தான் உங்களுக்காகப் பேசும்.

இயக்குநரகத்திடம் ஒரே கோரிக்கை. ஒரு பள்ளியை நிறுத்தும் உத்தரவில் இப்போது பள்ளியின் குறைகள் இருக்கின்றன, விதிகளின் எண்கள் இருக்கின்றன. அதே உத்தரவில் மாணவர்களுக்கென ஒரு பத்தி இருக்க வேண்டும்: எந்தத் தேதி வரையிலான மணிநேரம் ஏற்கப்படும், சந்தேகத்துக்குரியவற்றை யார் எத்தனை நாளில் சரிபார்ப்பார்கள், பதிவுகளின் நகல் எங்கே கிடைக்கும், எந்தப் பள்ளிகள் இவர்களை ஏற்கும், நிறுத்திவைத்த மாதங்கள் ஐந்தாண்டுக் கணக்கிலிருந்தும் ஆறு மாதக் கணக்கிலிருந்தும் கழிக்கப்படுமா. இதை எழுதப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. அடுத்த இடைநீக்க உத்தரவிலேயே தொடங்கலாம்.